குழாய்க்கு மூன்று பூச்சு

ஸ்டாமென்காவுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. தெருவுக்குக் குழாய் எரிவாயு வந்துவிட்டது. எரிவாயு நிறுவன அதிகாரி வந்து சோதித்துச் சரி என்றால் அடுப்பு எரியும். மறுநாளோ அவர்கள் குடும்பத்துப் புனிதர் நிக்கோலாவின் திருநாள். விருந்துக்கு வருகிறவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. அந்த நாளுக்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை, அழைக்காமலே வருவார்கள். அதனால் வராதீர்கள் என்று சொல்லவும் வழியில்லை. பழைய விறகு அடுப்பையோ, எரிவாயுதான் வருகிறதே என்ற தைரியத்தில் போன வாரமே தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

"அடுப்பு எரியலேன்னா என்னக்கா பண்ணுவே? டிசா ஆத்துக் கெண்டையைப் பச்சையாவே பரிமாறுவியா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து சீண்டினாள் பக்கத்து வீட்டு ரூஷா.

"நாளைக்கு மீனைத் தவிர வேற கறி ஆகாத விரத நாளாப் போச்சுடி. இல்லேன்னா உன் நாக்கை வறுத்து வச்சிடுவேன்!"

இரண்டரை மணிக்கு வந்தார் அதிகாரி மிலூட்டின். சமையலறையில் ஸ்டாமென்காவின் கணவன் ஷிவான், அழகான பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டார் முன் நிற்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவனே பெயிண்ட் அடித்த குழாய்கள். எரிவாயுவுக்கு மஞ்சள், தண்ணீருக்கு வெள்ளை, முகம் பார்க்கலாம்.

"பிரமாதமா இருக்கே!" என்ற மிலூட்டின், சோதனைக் கருவியின் ஒரு முனையை மின்பெட்டியின் எர்த்தில் மாட்டினார். மறுமுனையை எரிவாயுக் குழாயின் பித்தளை வால்வில் வைத்தார். "இப்ப இது கத்தணும்."

கத்தவில்லை. தண்ணீர்க் குழாயிலும் வைத்துப் பார்த்தார். ஊமை.

"ரெண்டு குழாயும் எர்த்தோட சேரலைம்மா. எங்கியாவது ஒரு கரண்டு கம்பி உரசினா குழாய் முழுக்கக் கரண்டு நிக்கும். தொடுறவங்க உடம்பு வழியாத்தான் மண்ணுல இறங்கும். நான் திறந்துவிட முடியாது. இனிமே ஜனவரியிலதான் வருவேன்."

ஸ்டாமென்கா குழாயில் மாட்டியிருந்த இரும்புப் பட்டையைச் சுட்டிக்காட்டினாள்.

"எலக்ட்ரீஷியன் வந்து மாட்டிட்டுத்தானே போனாரு? இதோ கிளாம்ப் இருக்கு, பச்சை மஞ்சள் ஒயர் இருக்கு!"

இழுத்துப் பார்த்தாள். உறுதியாகத்தான் இருந்தது. திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. முப்பது வருடமாக அந்தக் காதுகளை அவளுக்குத் தெரியும்.

"என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணும் பண்ணலை... கிளாம்ப் மாட்டுற இடத்துல அந்த ஆளு ரெண்டு குழாயையும் சுரண்டி வச்சிருந்தான். சொறி பிடிச்ச மாதிரி இருந்துச்சு. கழட்டி, பெயிண்ட் அடிச்சு, காஞ்சதும் திரும்ப மாட்டினேன்."

"எத்தனை கோட்டு?"

"மூணு."

மிலூட்டின் சிரித்தே விட்டார். "பெயிண்ட் வழியாக் கரண்டு போகாதுங்க! வெறும் இரும்போட கிளாம்ப் ஒட்டணும்னுதான் அவர் சுரண்டினதே." கடிகாரத்தைப் பார்த்தார். "இருபது நிமிஷம் தரேன். அதுக்கு மேல நின்னா அடுத்த ஊர்ல என்னை வறுத்துடுவாங்க."

அப்புறம் அந்தச் சமையலறை போர்க்களந்தான். ஷிவான் கிளாம்ப்பைக் கழற்ற, ஸ்டாமென்கா மீன் செதில் சீவும் கத்தியால் மஞ்சள் குழாயைச் சீவினாள். தலைமுடியெல்லாம் மஞ்சள் தூள். கூச்சல் கேட்டு உப்புத்தாளோடு ஓடிவந்த ரூஷா, ஸ்டாமென்கா தண்ணீர்க் குழாயைக் கைகாட்டியதும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் நுழைந்தாள்.

"நீ இந்தப் பக்கம் வராதேக்கா. உன் உடம்புக்கு இந்தப் பொந்து பத்தாது!"

"பேசாம தேய்டி!"

முதலில் மஞ்சள் குழாய் பளிச்சென்றது. கிளாம்ப்பை முறுக்கி மாட்டினான் ஷிவான். மிலூட்டின் முனையை வைத்தார். 'பீப்!'

"கத்திடுச்சு!" என்று ஸ்டாமென்கா கத்தியது கருவியைவிடப் பலமாக இருந்தது.

தண்ணீர்க் குழாய்? ஊமை. "இன்னும் தேய், ரூஷா! ஆறு நிமிஷந்தான் இருக்கு!" என்று விரட்டினாள் ஸ்டாமென்கா. மூன்றாவது பூச்சும் உதிர்ந்து இரும்பு மின்னியது. ஷிவான் கையை நீட்டித் திருகை இறுக்கினான். முனை பட்டதும், 'பீப்!' துள்ளிய ரூஷாவின் தலை தொட்டியில் மோத, வலியில் பாதி, சிரிப்பில் பாதியாக வெளியே வந்தாள்.

மிலூட்டின் வால்வைத் திறந்தார். ஷிவான் தீக்குச்சியைக் கிழித்தான். பப்பென்று நீலமாக ஒரு வட்டம் பூத்தது.

"நாலையும் பத்த வைய்யா, நாலையும்!"

மிலூட்டின் காகிதத்தை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். ஸ்டாமென்காவோ அதற்குள் வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்திருந்தாள்.

"அப்புறம் சார், அப்புறம். எண்ணெய் காயுது!"