சோத்துக்கைப் பக்கம்

அவளுக்குப் பெற்றோர் சூட்டிய பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலிலும் அடையாள அட்டையிலும் யாருக்கும் தொந்தரவின்றிக் குடியிருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அவள் நொட்டாதான். இடக்கைப் பழக்கமுள்ளவளைக் கேலியாகச் சொல்லும் நொட்டாங்கைக்காரி என்பதை அவளுடைய நான்காம் வயதில் அண்ணன் சுருக்கி வைத்த பெயர் அது. ஏளனமாகத் தொடங்கிய அப்பெயர் வாய்க்கு வாய் புரண்டு, முனை மழுங்கி, இன்று அவளே தொலைபேசியை எடுத்து, "நொட்டா பேசறேன், சொல்லுங்க" என்னும் அளவுக்கு அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

செயற்கைப் பல் செய்யும் கூடமொன்றில் அவளுக்கு வேலை. ஆதலால் புதியவர் எவரைக் கண்டாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு பல்லைப் பார்த்துவிடுவாள். பென்சில் எப்போதும் இடச்செவியின்மேல் இருக்கும். மேசை விளிம்பாயினும், படிக்கட்டின் கைப்பிடியாயினும், பிறர் வீட்டுக் கதவாயினும், இடக்கைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்க்காமல் கடந்து செல்லமாட்டாள். விரல் ஏற்கவில்லையெனில் அவளும் ஏற்கமாட்டாள்.

இடம், வலம் என்று யாரேனும் சொன்னால் அவள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். அவை பள்ளிக்கூடத்தில் கற்ற சொற்கள். வீட்டில் கற்ற சொல் சோற்றுக்கை. "சோத்துக்கையை நீட்டுடி" என்று அம்மா சொன்னபோதெல்லாம், தான் உண்ணும் கையைத்தான் அவள் நீட்டினாள், அது இடக்கை. அம்மாவும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் வலப்புறம் இருக்கின்ற சோற்றுக்கை அவளுக்கு மட்டும் இடப்புறம் அமைந்தது இவ்வாறுதான்.

இதன் விளைவை முதலில் அனுபவித்தவர் அண்ணன். அவர் வாகனம் ஓட்டப் பயிற்சி கொடுப்பவர். தங்கைக்கும் கற்றுக்கொடுத்தார், சரியாக அரைமணி நேரம் கற்றுக்கொடுத்தார். "சோத்துக்கைப் பக்கம் திருப்பு" என்று அவர் கூவ, அவள் சிறிதும் தயங்காமல் இடப்புறம் திருப்பி, ஒரு மருத்துவமனையின் வாயிலுக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். நோயாளியைக் கிடத்தும் தள்ளுவண்டியோடு காவலாளி ஓடிவந்தார். பாடம் அத்துடன் முடிந்தது.

அண்ணனிடம் வேறொன்றும் இருந்தது: ஒரு மின்கிட்டாரும், அதைச் சுற்றி உருவான ஓர் இசைக்குழுவும். சிறுவயதில் அவர் வெளியே செல்லும் நேரம் பார்த்து, அக்கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து நொட்டா வாசிக்கப் பழகினாள். தந்திகள் அவளுக்கு எப்போதும் வரிசை மாறியே கிடந்தன. "கையை மாத்து, இல்லேன்னா கிட்டாரை விடு" என்பது அண்ணனின் கட்டளை. அவள் இரண்டையும் செய்யவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பிறருடைய கிட்டார்களைத் தலைகீழாகவே வாசித்து வந்தாள். தாளம் தப்பாமலும் வாசித்தாள்.

இவ்வாண்டு குழுவில் இரண்டாம் கிட்டார் வாசித்தவர் வேலை மாறி வெளியூர் போய்விட்டார். நிகழ்ச்சிக்கு ஆறு வாரமே இருந்தது. அண்ணன் தங்கையின் வீட்டுக்கு வந்தார்.

"வர்றியா?" என்றார்.

"வர்றேண்ணா." அவள் விடை, கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது.

"ஆனா சோத்துக்கையாலதான் வாசிக்கணும்."

"எந்தச் சோத்துக்கை?"

"விளையாடாதே. மேடையில மூணு பேர் வரிசையா நிக்கறோம். மூணு கிட்டார்க் கழுத்தும் ஒரே பக்கம் பாத்தாத்தான் லட்சணம். உன்னோடது மட்டும் எதிர்ப்பக்கம் நீட்டிக்கிட்டு நின்னா, போறவங்ககிட்ட வழி கேக்கற மாதிரி இருக்கும்."

"நான் எனக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்கேன். என் கைக்கு. அதோட வர்றேன்."

"அஞ்சு மாசமாத்தான் செய்யறே! பல்லு செய்யற கையால கிட்டாரா? வாசிக்கறவங்களைக் கடிச்சு வைக்கப்போகுது" என்று சொல்லிவிட்டு, தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தபடி அண்ணன் படியிறங்கினார். அது முடியப்போவதில்லை என்பது அவருடைய கணக்கு.

அது முடிந்தும் முடியாமலும் துணி துவைக்கும் அறையில் கிடந்தது. துவைக்கும் இயந்திரத்தின் தலைமேல் தடித்த பலகை ஒன்றை இட்டு, அதையே வேலைமேசையாக்கியிருந்தாள். துணி ஓடும் நாளில் உளி நடனமாடும். ஆகையால் வாரத்தில் இரண்டே நாள் துவைப்பது என்று வீட்டில் ஒப்பந்தம். கிட்டாரின் கழுத்தை அவள் செய்து முடித்திருந்தாள். விரற்பலகையில் பதித்த குறிப்புள்ளிகள் செயற்கைப் பல்லுக்குரிய வெண்பொருளால் ஆனவை. பளிச்சென்ற வெண்மையன்று, நாற்பது வயதுக்காரர் வாயில் இருக்கக்கூடிய நாணயமான வெண்மை. உடலுக்கென இரு பலகைகளை ஒட்டி வைத்திருந்தாள். மேலே நீரலைபோல் வரியோடிய மேப்பிள் மரம். கீழே பழைய அலமாரியிலிருந்து எடுத்த சாதாரண மரம், நடுவில் முட்டைக்கண் அளவில் ஒரு கணுவுடன்.

எஞ்சியது உடலை வடிவாக வெட்டுவதும், மின்கம்பிகளுக்கான குழியைப் பின்புறத்தில் கடைவதும். அதற்கான, ரூட்டர் என்னும் மரம் குடையும் இயந்திரத்தை ஒரு தச்சரிடம் ஒரேயொரு நாளுக்கு இரவல் வாங்கியிருந்தாள். அன்றைக்குப் பார்த்துக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. யாரோ ஒரு பேச்சாளர் தம் பல்வரிசையைக் கைகழுவும் தொட்டியில் போட்டு உடைத்துவிட்டாராம். மறுநாள் அவருக்குப் பேச்சு.

அவளுடைய கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். இயந்திரம் அவருக்குப் புதிதன்று. "நீ போ. நான் வெட்டி வெக்கறேன்" என்றார். வடிவத்தை ஒட்டுப்பலகையில் அச்சாக வெட்டி அவள் முன்பே வைத்திருந்தாள். கழுத்தை ஒட்டி ஒருபுறம் மட்டும் விரல் நுழைய உட்குடைந்த வடிவம். எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாலும் பொருந்தக்கூடிய அச்சு. ஆகவே செவியிலிருந்த பென்சிலை எடுத்து, பலகையின்மேல் ஒட்டிய தாளில் தெளிவாக எழுதினாள்: "மேப்பிள் மேலே. கழுத்து சுவரைப் பார்த்து. குடைவு சோத்துக்கைப் பக்கம்."

மாலையில் அவள் திரும்பியபோது தச்சரின் இயந்திரம் தச்சரிடம் போய்விட்டிருந்தது. உடல் மேசைமேல் கிடந்தது. அவள் விளிம்பைத் தடவினாள், விரல் ஏற்றது. குடைவைத் தேடி இடப்புறம் சென்றாள். அங்கே குடைவு இல்லை.

"என்னங்க."

"அருமையா வந்திருக்குல்ல?"

"சோத்துக்கைப் பக்கம்னு எழுதியிருந்தேனே."

"சோத்துக்கைப் பக்கந்தானே வெட்டியிருக்கேன்!" என்று அவர் தம் வலக்கையை உயர்த்திக் காட்டினார். உயர்த்திய கை பாதியில் நின்றது. அவள் இடக்கையை உயர்த்தியிருந்தாள்.

"பதினெட்டு வருஷமா எதிர்ல உக்காந்து சாப்பிடறீங்க. நான் எந்தக் கையால சாப்பிடறேன்?"

"எந்தச் சோத்துக்கைன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? இந்த வீட்டுல ரெண்டு இருக்கேம்மா" என்று அவர் தலையைச் சொறிந்தார். அப்புறம் குரல் தாழ்ந்து, "குழியையும் அந்தப் பக்கந்தான் கடைஞ்சுட்டேன்" என்றார்.

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செய்தி அண்ணன் காதுக்கு எப்படியோ எட்டியது. மறுநாட்காலை வந்து, வலக்கைக்காரருக்கென்றே வார்த்தாற்போன்ற அவ்வுடலைத் தூக்கிப் பார்த்தார். மேப்பிளின் அலைவரி சாளர வெளிச்சத்தில் மினுங்கியது. அவருடைய முகத்தில் ஆசை வெளிப்படையாகவே தெரிந்தது.

"மாப்பிள்ளை, உங்க கைக்கு மோதிரம் போடணும்."

"மச்சான், வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க" என்றார் கணவர்.

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினார். "பாத்தியா நொட்டா? கட்டைக்கே புரிஞ்சுபோச்சு, உனக்குத்தான் புரியல. இதை எனக்கு முடிச்சுக் குடு. என் பழைய கிட்டாரை நீ வெச்சுக்கோ. அஞ்சு வாரம் இருக்கு, சோத்துக்கையால நாலு பாட்டுப் பழகிடலாம். உன் இடம் உனக்கு. என்ன சொல்றே?"

இடம் என்ற சொல் அவளைத் தைத்தது. முப்பது ஆண்டு அவள் விரும்பிய இடம் அது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அவர் போனபின் உண்மையாகவே யோசித்தாள். கழுத்தை உடலோடு ஒட்டிப் பிடித்து, ஊரார் பிடிப்பதுபோல் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய வலக்கை, அழைக்காத வீட்டுக்குப் போன விருந்தாளிபோல் எங்கே வைத்துக்கொள்வது என்றறியாமல் தந்திகளற்ற மரத்தின்மேல் கிடந்தது. எத்தனை நாள் பழகினாலும் அந்தக் கை அவள் மனத்தில் உள்ளதைச் சொல்லாது. அண்ணன் மனத்தில் உள்ளதைத்தான் சொல்லும்.

உடலைச் சுவரோரம் சாய்த்துவைக்கக் குனிந்தாள். துவைக்கும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக் கதவில் அதன் பிம்பம் தெரிந்தது. கண்ணாடிக்குள் இருந்த கிட்டாருக்குக் குடைவு இடப்புறம் இருந்தது.

அவள் நெடுநேரம் குனிந்தபடியே இருந்தாள். பின்பு நிமிர்ந்து, உடலை மேசைமேல் குப்புறக் கவிழ்த்தாள். குடைவு அவளுடைய சோற்றுக்கைப் பக்கம் வந்து நின்றது. கணவர் கடைந்த குழியும் இடப்புற மூலையில், அவள் கை விழவேண்டிய இடத்தில், மேலே பார்த்து வாய்பிளந்து கிடந்தது.

"என்னங்க, இங்க வாங்க. முதுகை முகமாக்கப் போறேன்."

கணவர் எட்டிப்பார்த்தார். "அப்போ அந்த மேப்பிள்?"

"என் வயித்தைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

"அழகெல்லாம் உன் வயித்துக்கு, ஊருக்கு அலமாரிப் பலகையா? அந்தக் கணு வேற, எல்லாரையும் முறைச்சுப் பாக்கும்."

"பாக்கட்டும். ரொம்ப நாளா அவங்கதான் என்னைப் பாத்துக்கிட்டிருந்தாங்க."

பின்வந்த வாரங்களில் அவள் கைக்கு ஓய்வில்லை. கழுத்து பொருந்தும் குழியை உளியால் கொத்தி, பல் கடையும் சிறுகருவியால் ஓரங்களைச் சீர்செய்தாள். கழுத்தைத் திருகாணியின்றிச் செருகித் தலைகீழாகப் பிடித்தபோதும் அது விழவில்லை. தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகளுக்கு இடம் அகழ்ந்தாள். திறந்து கிடந்த குழியை மூட ஒரு தகடு வேண்டும். கடையில் கறுப்பும் வெள்ளையும் கிடைக்கும். அவளோ கூடத்தில் மீந்த பொருளைக் கேட்டு வாங்கி, குழைத்து, அச்சில் ஊற்றி, வெந்நீரில் பதப்படுத்தி, ஈறு நிறத்தில் ஒரு தகடு வார்த்தாள். பல்வரிசைக்கு அடியில் இருக்குமே, அதே இளஞ்சிவப்பு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களை அதன்மேல் பொருத்தினாள்.

"சிரிக்குதுடி உன் கிட்டார்" என்றார் கணவர்.

"முன்னாடி அண்ணன் சிரிச்சார். இப்ப இது சிரிக்கட்டும்."

மெருகு ஏற்றும் நாட்களில் துவைக்கும் அறைக்குள் யாருக்கும் அனுமதியில்லை. அழுக்குத் துணி வீட்டுக் கூடத்து நாற்காலியில் மலையாகக் குவிந்தது. வார்னிஷைத் துணியால் ஒற்றி ஒற்றி ஏழு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் உலர ஒரு நாள். அதன்பின் பத்து நாள் தொடாமல் தொங்கவிட்டாள். நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தாள், தாள் மாற்றி மேலும் தேய்த்தாள், இறுதியில் பல்லை மெருகிடும் வெண்பொடியைக் கம்பளி உருளையில் இட்டு மெருகேற்றினாள். கணுவை மெழுகால் அடைத்து மறைத்துவிடலாம் என்று கணவர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. தேன்நிற மரத்தின் நடுவே கணு கருவிழிபோல் விழித்தது. கட்டைவிரல் எங்கும் தடைபடவில்லை.

நிகழ்ச்சிக்கு மூன்று நாள் இருக்கையில் அண்ணன் வந்தார். "என் கிட்டார் முடிஞ்சுதா?" என்றபடியே உள்ளே நுழைந்தார், நுழைந்தவர் நின்றார்.

நொட்டா அதைத் தோளில் மாட்டியிருந்தாள். கழுத்து அவளுடைய வலப்புறம் நீண்டிருந்தது. ஒலிபெருக்கியை இயக்கி, இடக்கையை ஒருமுறை வீசினாள். தந்திகள் முதன்முறையாக அவளுக்கு வரிசைப்படி இருந்தன. சாளரக் கண்ணாடி அதிர்ந்தது. தலைகீழாக வாசித்த காலத்தில் இரண்டு விரலுக்கு நடுவே நழுவிப்போன ஓர் இசைத்துண்டை அவள் நழுவவிடாமல் எடுத்து, மறுபடியும் எடுத்து, நிறுத்தினாள்.

அண்ணன் இசை அறிந்தவர், கேட்டது என்னவென்று அவருக்குத் தெரியும்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "அந்த ரோஸ் கலர்தான் யாரோ பல்லைக் கழட்டி வெச்ச மாதிரி... சரி, அது போகட்டும். நொட்டா, நான் பிடிவாதத்துக்குச் சொல்லல. நீ என் பக்கத்துல நின்னா உன் கழுத்தும் என் கழுத்தும் முட்டிக்கும். மேடை அவ்வளவு சின்னது."

"உன் நொட்டாங்கைப் பக்கம் நின்னா முட்டும். சோத்துக்கைப் பக்கம் நின்னா முட்டாது."

"யாரோட சோத்துக்கை?"

"உன்னோடதுதான். ஊர்ச் சோத்துக்கை."

"அங்க இடம் ஏது? அந்த ஓரம் என்னோடது. இருபது வருஷமா அங்கதான் நிக்கறேன்."

"ஒரு அடி உள்ள தள்ளி நில்லுண்ணா."

"நான் நகரணுமா?"

"ஆமா."

அண்ணன் கணவரைப் பார்த்தார். கணவர், நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை எண்ணுபவர்போல் அப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நொட்டா ஒலிபெருக்கியை அணைத்தாள். கிட்டாரைத் தோளிலிருந்து இறக்காமலே, குரலை உயர்த்தாமலே சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துடுவேன். இதைத்தான் வாசிப்பேன், இந்தக் கையாலதான் வாசிப்பேன். நகர முடியாதுன்னா இன்னைக்கே சொல்லிடு, வேற ஆளைப் பாத்துக்கோ. நான் கை மாத்தறதா இல்ல."