போகாத கப்பலின் தபால்காரன்

அந்தக் கப்பல் எங்கும் போகவில்லை. போகவும் போகாது. நகரத்துக்கு வெளியே ஒரு பழைய குளிர்பதனக் கிடங்குக்குள் தகரமும் பிளாஸ்டிக்குமாக அதைக் கட்டி நிறுத்தி, உள்ளே ஆறு பேரை ஒரு வருஷத்துக்கு அனுப்பிவைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறவர்கள் வழியில் ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் போய்ச் சேருவார்களா என்று பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடு. ராக்கெட் செய்வதெல்லாம் ஒரு விஷயமே இல்லையாம், மனுஷனை மனுஷனோடு ஒரே அறையில் வைப்பதுதான் பெரும்பாடாம். கல்யாணமான யாரைக் கேட்டிருந்தாலும் இதைக் காசு வாங்காமல் சொல்லியிருப்பார்கள்.

கதவுக்குப் பூட்டு கிடையாது. உள்ளே இருக்கிற யார் வேண்டுமானாலும் கைப்பிடியைத் திருப்பி வெளியே வரலாம். வந்தால் பரிசோதனை அத்தோடு அம்பேல். போன தடவை அப்படித்தான் ஒருவன், அப்பா செத்துப்போன சேதி கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். இன்னொரு தடவை கதவு திறந்தால் இந்த ஆராய்ச்சி நிலையத்தையே இழுத்து மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் இயக்குநர் மேடம் ஒரு விதி போட்டார். வருஷம் முடியும்வரை கெட்ட செய்தி எதுவும் உள்ளே போகக்கூடாது. ஆறு பேரும் அதற்குத் தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

அந்த விதிக்குக் காவல் இருந்தவனை நிலையத்தில் எல்லோரும் தபால்காரன் என்பார்கள். குடும்பத்தார் எழுதும் கடிதங்களைப் படித்து, உறுத்துகிற வரிகளைப் பிடுங்கிப்போட்டு உள்ளே அனுப்புவது அவன் வேலை. அனுப்பிய கடிதத்தைக் கம்ப்யூட்டர் இருபது நிமிஷம் பிடித்துவைத்துவிட்டுத்தான் உள்ளே விடும். செவ்வாய்க்கு ஒளியே போய்ச்சேர அவ்வளவு நேரம் பிடிக்குமென்றால் நம்முடைய கடிதம் மட்டும் என்ன கொம்பா? உள்ளேயிருந்து வருவதும் அப்படித்தான். பாதுகாப்புக் கேமராக்களுக்கு மட்டும் அந்தத் தாமதம் இல்லை. யாராவது மயங்கி விழுந்தால் உடனே தெரிய வேண்டுமே. அவன் மேசைக்கு எதிரே வரிசையாகத் திரைகள் இருந்தன. ஆறு பேரும் சாப்பிடுவதையும் தூங்குவதையும் அவன் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி, கப்பலுக்குள் கீரையும் தக்காளியும் வளர்க்கிற தாவர விஞ்ஞானி. அவளைத் தோட்டக்காரி என்று கூப்பிடுவார்கள். அவளும் அவள் புருஷனும் கல்யாணமான நாளிலிருந்து கம்ப்யூட்டரில் ஒரு விண்வெளிப் போர் ஆட்டம் ஆடிவந்தார்கள். ஆளுக்குப் பத்துப் பதினைந்து கிரகம். மெதுவான ஆட்டம். கட்டளை கொடுத்தால் அது ஒளியின் வேகத்தில் போய்ச் சேர்ந்த பிறகுதான் கப்பல் நகரும், ஏவிய கப்பலைப் போய்ச் சேருவதற்குள் நடுவழியில் திரும்பக் கூப்பிடவும் முடியாது. தாமதத்துக்கென்றே பிறந்த ஆட்டம் என்பதால் உள்ளேயிருந்தபடி அவள் புருஷனோடு ஆட மேடம் சந்தோஷமாக அனுமதி கொடுத்தார்.

மூன்றாம் மாதம் அந்தப் புருஷன் தபால்காரனைத் தேடி வந்தான். நின்றபடியே பேசினான்.

"சார், நான் வேற ஒருத்தங்களோட வெளிநாட்டுக்குக் கெளம்பறேன். அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"ஐயோ, அதெல்லாம் இப்ப சொல்லக் கூடாதுங்க. வருஷம் முடியணும்."

"அப்ப இன்னும் வசதியாப் போச்சு. ஆட்டத்தையும் நீங்களே ஆடிக்குங்க. அவள ஜெயிக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல."

பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு, பழைய சோபாவைத் தள்ளிவிட்ட நிம்மதியோடு போய்விட்டான். படுபாவி. தபால்காரன் அலறியடித்துக்கொண்டு மேடத்திடம் ஓடினான். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடிதத்தையும் நீயே எழுது, ஆட்டத்தையும் நீயே ஆடு. அவளுக்குத் தெரிஞ்சா கதவு திறந்துடும். கதவு திறந்தா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

அப்படித்தான் அவன் இன்னொருத்தன் பெண்டாட்டிக்குப் புருஷனானான். அவனுக்கு அந்த ஆட்டமும் சரியாகத் தெரியாது. திறந்து பார்த்தபோது புருஷனின் படை அவளுடைய நீர்க் கிரகத்தைச் சுற்றி வளைத்து நின்றது. இன்னும் இரண்டு நாளில் அங்கிருக்கிற ஜனமெல்லாம் பட்டினியில் செத்துவிடும். தபால்காரன் திரையில் அவளைப் பார்த்தான். தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தாள். பாவம், செடி வளர்க்கிற பெண், போகட்டும் என்று படையைத் திருப்பி அழைத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் கீரைத் தட்டுகளுக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட வரும் என்றே அதுவரை அவனுக்குத் தெரியாது. அந்த வாரம் பறித்த தக்காளியை மற்ற ஐந்து பேருக்கும் தானே நறுக்கிக் கொடுத்தாள். தபால்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு கிரகத்தை விட்டுக்கொடுத்தான். அவள் போட்ட ஒரு முட்டாள்தனமான கட்டளையைப் பார்த்தும் பார்க்காதவன் போல இருந்தான். ஒரு மாதம் இப்படியே போனது. பிறகு அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

"உங்களுக்கு உடம்புக்கு என்ன? மறைக்காதீங்க. இத்தனை வருஷத்துல நீங்க எனக்கு ஒரு கிரகம்கூட விட்டுக் கொடுத்ததில்ல. இப்ப தொட்டதுக்கெல்லாம் விட்டுக் கொடுக்கறீங்க. டாக்டர் ஏதாவது சொன்னாரா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் கதவைத் திறந்துட்டு வந்துடறேன்."

கொஞ்சம் இரக்கம் காட்டியதற்கு இப்படி ஒரு பலன். புருஷன் கருணையாக நடந்துகொண்டால் அவன் சாகக் கிடக்கிறான் என்றுதான் அந்தப் பெண்ணுக்கு அர்த்தம். தபால்காரன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினான்.

மேடம் படித்துவிட்டு, "நீ உன்னை மாதிரி ஆடியிருக்கே. அவன மாதிரி ஆடு" என்றார்.

"அவரு எப்படி ஆடுவாருன்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

"பழைய ஆட்டமெல்லாம் அதுல இருக்கும்ல? உக்காந்து படி."

உட்கார்ந்து படித்தான். அந்த ஆட்டத்தில் தோற்றவர் சரணடைய ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். ஜெயித்தவர் அதை ஏற்கலாம், திருப்பியும் அனுப்பலாம். திருப்பி அனுப்பினால் பட்டினி தொடரும். எந்தப் புருஷனும் பெண்டாட்டியின் சரணைத் திருப்பி அனுப்ப மாட்டான் என்றுதானே நினைப்போம்? இவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் திருப்பி அனுப்பியிருந்தான். "தோத்துட்டேன்" என்று அவள் எழுதினால் "இன்னும்" என்பான். "நீங்கதான் பெரிய ஆளு" என்று எழுதினாலும் "இன்னும்"தான். "எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, நீங்க இல்லன்னா நான் ஒண்ணுமே இல்ல" என்று எழுதிய பிறகு "சரி" என்று விடுவான். வருஷக்கணக்காக, ஆட்டத்துக்கு ஆட்டம், இதே கதை. தபால்காரனுக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. டிபன் டப்பாவை அப்படியே மூடிவைத்தான்.

ஆனால் சாயங்காலம் எழுதினான். "எனக்கு ஒரு கேடும் இல்ல. போனா போகுதுன்னு விட்டேன், அதுக்குள்ள தலைக்கு ஏறிடுச்சா?" என்று அனுப்பிவிட்டு, அவளுடைய நீர்க் கிரகத்தை மறுபடி வளைத்தான்.

நாற்பது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. "அப்பாடா. இப்பதான் நீங்க நீங்களா இருக்கீங்க. பயந்தே போயிட்டேன்."

அதன் பிறகு அவள் பாடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. கதவைப் பற்றிய பேச்சே கிடையாது. மேடம் அவளுடைய மனநிலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, கோடு நேராகிடுச்சு" என்று தபால்காரனின் தோளைத் தட்டினார். ஆறு வருஷ வேலையில் அவன் தோளில் விழுந்த முதல் தட்டு அது.

அங்கேதான் அவன் கெட்டான். யாரையும் பழி சொல்லிப் பிரயோஜனமில்லை. அலுவலகத்தில் அவனை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை, வீட்டிலும் அவன் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். இங்கே ஒருத்தி அவனுடைய ஒற்றைச் சொல்லுக்காகத் திரை முன்னால் காத்துக் கிடக்கிறாள். "இன்னும்" என்று எழுதிவிட்டுத் தேநீரை ஆற்றிக் குடித்தபடி கேமராவைப் பார்ப்பான். இருபது நிமிஷம் கழித்து அவள் திரையில் அது வந்து விழும். அவள் முகம் சுருங்குவது துல்லியமாகத் தெரியும். முதலில் அதைப் பார்க்கக் கூசினான். அப்புறம் அதைப் பார்ப்பதற்காகவே மற்ற வேலைகளைச் சீக்கிரம் முடித்தான். வெட்கங்கெட்டவன், அதற்கென்று நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்தும் போட்டுக்கொண்டான்.

பதினோராம் மாதம் அவள் இன்னொரு ஆட்டத்தில் தோற்றாள். அவளே வரிசையாக எல்லாவற்றையும் எழுதினாள். தோத்துட்டேன், நீங்கதான் பெரிய ஆளு, நான் ஒண்ணுமே இல்ல. புருஷனாக இருந்தால் அங்கே "சரி" என்று விட்டிருப்பான். தபால்காரன் விடவில்லை. மேடம் சொல்லவில்லை, விதியும் சொல்லவில்லை, அவளுக்கும் சந்தேகம் எதுவும் வந்திருக்கவில்லை. செய்வாளா பார்க்கலாமே என்று அவனுக்கே தோன்றியது.

"எழுதினா போதாது. மண்டி போடு" என்று அனுப்பினான்.

இருபது நிமிஷம் கழித்து அவள் அதைப் படிப்பது கேமராவில் தெரிந்தது. பிறகு நின்றபடியே எதையோ தட்டி அனுப்பிவிட்டு, பூவாளியை எடுத்துத் தண்ணீர் ஊற்றப் போனாள். அவள் அனுப்பியது அவனிடம் வந்து சேர்ந்தது. "போட்டுட்டேன்."

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. என்னையே ஏமாற்றுகிறாளா! யோசிக்கவே இல்லை, விரல்தான் முந்திக்கொண்டது. "பொய். நின்னுக்கிட்டு இருந்தே, தண்ணி ஊத்தப் போனே."

அது போய்ச் சேர்ந்த நேரத்தில் அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படித்தாள். கையிலிருந்த துணியை மெல்ல வைத்தாள். நிமிர்ந்து மூலையிலிருந்த கேமராவைப் பார்த்தாள். அந்தப் பார்வை திரையைத் தாண்டித் தன் முகத்திலேயே விழுந்ததுபோல அவனுக்கு இருந்தது, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினான். பிறகு அவள் கீரைத் தட்டுகளுக்கு நடுவே, கேமராவைப் பார்த்தபடியே, மண்டி போட்டாள். பயந்துவிட்டாள் என்று தபால்காரன் நினைத்தான். "சரி" என்று அனுப்பினான்.

மிச்சமிருந்த நாளெல்லாம் அவள் ஒழுங்காக ஆடினாள், ஒழுங்காகத் தோற்றாள். கடிதத்தில் ஒன்றுமே கேட்கவில்லை.

வருஷம் முடிந்து கதவைத் திறந்தபோது கைதட்டலும் பூங்கொத்தும் கேமராக்காரர்களுமாகக் கிடங்கே அமர்க்களப்பட்டது. ஐந்து பேரை அவரவர் குடும்பம் கட்டிப்பிடித்து அழைத்துப்போனது. தோட்டக்காரி யாரையும் தேடவில்லை. மேடம் அவளைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, "நீயே சொல்லிடு, இது உன் வேலைதானே" என்று தபால்காரனை உள்ளே தள்ளிவிட்டுப் பேட்டி கொடுக்கப் போய்விட்டார்.

அவன் தொண்டையைச் செருமினான். "அது வந்துங்க... உங்க வீட்டுக்காரரு..."

"போயிட்டாரா, செத்துட்டாரா?"

"போயிட்டாருங்க. வேற ஒருத்தங்களோட. நீங்க உள்ள போன மூணாம் மாசம்."

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்ப நீர்க் கிரகத்தை விட்டுக் கொடுத்தது?"

"நான்தாங்க." அதையாவது சொல்ல முடிந்ததே என்று அவனுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

"அந்த ஒரு மாசம்தான் கல்யாணத்துக்கப்புறம் நான் நல்லாத் தூங்கினேன்" என்றாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் ஆடினதும் நீங்கதான். அது எனக்கு முன்னாடியே தெரியும்."

தபால்காரன் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் நின்னுக்கிட்டு இருந்தது என் புருஷனுக்கு எப்படித் தெரியும்? கேமரா முன்னாடி உக்காந்திருக்கற ஆளுக்குத்தானே தெரியும்? அவரு ரொம்பக் கெட்டவருதான். ஆனா மண்டி போடச் சொன்னதில்ல. அதச் சொல்லச் சொன்னது யாரு? உங்க மேடமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வருஷமாக அதைத் தவிர அவன் வேறென்ன செய்தான்? ஆனால் வாயில் வரவில்லை.

"யாரும் சொல்லலீங்க" என்றான். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், "தெரிஞ்சும் ஏங்க மண்டி போட்டீங்க? கதவு பூட்டலியே. அப்பவே திறந்துட்டு வெளியில வந்திருக்கலாமே?" என்றான்.

"வெளியில வந்தா? கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தது நீங்கதானே."

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். தபால்காரன் பதறிப்போய், ஏதாவது மரியாதை செய்தாக வேண்டும் என்று முந்திப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வரவில்லை. அறைக்கு நடுவிலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கதவை விட்டுவிட்டு, தாழ்வாரத்தைக் கடந்து, கண்ணுக்கு மறைந்து போனதற்கு அப்புறம்தான் வெளியே வந்தாள்.