மணல்திட்டில் நின்ற சந்தைக் கப்பல்

மா சபே சந்தைக் கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் பட்டு லுங்கி விற்பவள். மாந்தலேயில் ஏறினால் ப்ரோம் வரைக்கும் பர்மாவின் ஐராவதி ஆறுதான் அவளுக்கு வீதி. துடுப்புச் சக்கரத்தின் சளசளப்பையும் மீறி முன்பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். மூங்கில் கழியால் ஆழம் பார்த்துச் சொல்லும் கோ லுன்னின் குரல். கணவன் காய்ச்சலில் போனபின் அவளைத் தூங்கவைத்தது அந்தக் குரல்தான். ஆளை அவள் பார்த்ததில்லை.

ஒரு பனிக்காலையில் கப்பல் மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. பாரம் குறையட்டும் என்று கேப்டன் எல்லோரையும் இறங்கச் சொன்னார். ஈரமணலில் இறங்கிய மா சபேக்கு முன்னால் செம்மஞ்சள் சக்கரவாகப் பறவைகள் இரண்டு, அவளைச் சட்டைசெய்யாமல் பனிக்குள் நடந்தன. அவளும் பின்னாலேயே போனாள். காலுக்கடியில் மணலா தண்ணீரா என்றே தெரியாத நடை. பறவைகள் எழுந்து பறந்தபோது திரும்பிப் பார்த்தாள். கப்பலைக் காணோம். சங்கு ஊதினார்கள், ஒலி நாலாபக்கமும் கேட்டது. எந்தப் பக்கம் அடி வைத்தாலும் தண்ணீர் ஆழமாகிக்கொண்டே போனது. பயத்தில் கத்தினாள்.

"அசையாம நில்லுங்க. நான் வர்றேன்," என்றது அந்தக் குரல். பிறகு, எப்போதும்போல இழுத்து, "கணுக்கால்... முழங்கால்... இடுப்பு..."

"ஐயோ, மூழ்கிடப் போறீங்க."

"கொஞ்சம் பேசாம இருங்க, கணக்கு தப்புது. முழங்கால்..."

பனியிலிருந்து கழியோடு வந்து நின்றவன் குட்டையாக, அம்மைத்தழும்பு முகத்தோடு இருந்தான்.

"நீங்கதானா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள். "ராஜா மாதிரி இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ராஜாவத்தான் வெள்ளைக்காரன் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோயிட்டானே. மிச்சம் இருக்கறது நாங்கதான்."

அவள் சிரித்தாள். சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. கழியின் ஒரு நுனியை அவன் பிடிக்க, மறுநுனியைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். சீக்கிரம் போய்ச் சேர வேண்டாம் என்று மனதுக்குள் ஓர் ஆசை.

கப்பலில் அவன் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, விற்க வைத்திருந்த பட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். ரோஜா நிறம், பெண்கள் உடுத்துவது.

"இதக் கட்டிக்கிட்டு முன்னால நின்னா என்ன சொல்வாங்க?"

"ஈரத்தோட நின்னு செத்தா மட்டும் என்ன சொல்வாங்க? கட்டுங்க."

கட்டிக்கொண்டான். வெயில் ஏறியதும் இன்னொரு கப்பல் வந்து வடம் கட்டி இழுத்தது. மாலுமிகள் அவனைப் பார்த்துச் சிரித்து ஓய்வதற்குள் பக்கோக்கு என்ற ஊர் வந்துவிட்டது.

மழைக்காலம் தொடங்கியதும் அந்த ஊரிலேயே நாலுபேர் பார்க்க இருவரும் ஒரே தட்டில் சோறு சாப்பிட்டார்கள். அங்கே கல்யாணம் என்றால் அவ்வளவுதான்.