பகலில் வந்த இறக்கை

மேஸ்திரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். முக்கு வீட்டுச் சுற்றுச்சுவரில் மேல் வரிசைகள் மட்டும் போயிருந்தன. மீதி இடுப்பளவுக்கு அப்படியே நின்றது. காலையில் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தபோது ஓங்கிய கையை இறக்கியவர், அதன் பிறகு ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை. அந்த வீட்டு மகள் வாசலுக்கு வந்தபோது அவளைப் பார்த்தார். இடிக்கட்டுமா, வேண்டாமா என்று வாய்விட்டுக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. அவள் கையிலிருந்த போன் மறுபடியும் அதிர்ந்தது.

பேசியவர் முன்வண்டிக்காரர். காற்றாலை இறக்கையை ஏற்றிவரும் டிரெய்லருக்கு முன்னால் மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு போவதுதான் அவர் வேலை. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கிவிட்டோம், முக்கு தயாரா என்றார். அம்மா இறந்துவிட்டாள் என்று அவள் சொன்னாள்.

"யாரு, நம்ம ஐஸ் அக்காவா?" என்றார் அவர். "நேத்து சாயங்காலம்கூடப் பேசினாங்களேம்மா."

வண்டியைப் பின்னால் எடுக்க வழியில்லை என்பதை மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். திருப்பவும் இடமில்லை. பஸ்ஸையெல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மெதுவாக வருகிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அப்படி, என்று சொல்லி வைத்துவிட்டார்.

விடிந்ததிலிருந்து அம்மா ஓரிடத்தில் நிற்கவில்லை. மேஸ்திரிக்குத் தேநீர் கொடுத்தாள், முற்றத்துத் தொட்டிச் செடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்பக்கம் வைத்தாள், மொட்டை மாடியைப் பெருக்கினாள். எதிர்வீட்டுக்காரியிடம், இறக்கை வருவதைப் பார்க்க மாடியில் யார் யார் எங்கே நிற்கவேண்டும் என்றுகூடச் சொல்லி முடித்துவிட்டாள். பிறகு லேசாக மூச்சு வாங்குகிறது என்று உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். டாக்டர் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டை ஒட்டியிருந்த தகரக் கூரைக் கட்டடம்தான் அம்மாவின் ஐஸ் பேக்டரி. மீன் விற்கிறவர்கள் தள்ளுவண்டிகளோடு தினமும் வரிசையில் நிற்பார்கள். வாழ்நாள் முழுக்க அம்மாவுக்கு ஒரே எதிரி கரண்ட்தான். அது போகும்போதெல்லாம் உறைந்தும் உறையாமலும் நிற்கிற கட்டிகளின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, மின்கம்பத்தைப் பார்த்துத் திட்டுவாள். மகளுக்கு மலையடிவாரத்துப் பேட்டரி நிலையத்தில் வேலை கிடைத்த பிறகுதான் அந்தப் பகை தீர்ந்தது. கன்டெய்னர் கன்டெய்னராக நிறுத்தி வைத்திருக்கும் பேட்டரிகளைப் பற்றி, பகல் வெயிலையும் இரவுக் காற்றையும் பிடித்து வைத்துக்கொண்டு தேவைப்படும்போது ஊருக்கு அனுப்புவதைப் பற்றி, முதல் நாள் சாப்பிடும்போது அவள் அம்மாவுக்கு விளக்கினாள்.

"அப்படின்னா நீயும் ஐஸ்தான் போடறேன்னு சொல்லு," என்றாள் அம்மா. "கிடைக்கறப்போ உறைய வெச்சுக்கற, கேக்கறப்போ உடைச்சுக் கொடுக்கற."

அன்றிலிருந்து பேட்டரி நிலையம் அம்மாவுக்குச் சொந்தக் கடையின் கிளை மாதிரி ஆகிவிட்டது. பாலைவனம் முழுக்கச் சூரியத் தகடுகளை விரித்திருப்பதையும், நடுக்கடலில் காற்றாலைகள் கால் ஊன்றி நிற்பதையும், நிலக்கரி எரித்த இடத்தில் பேட்டரி வைப்பதையும் போனில் தேடித் தேடிப் பார்த்தாள். பார்த்ததை வாடிக்கையாளர்களிடம் சொல்லாமல் விடமாட்டாள். அக்கா சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கட்டி கரைந்துவிடும் என்று மீன்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனாலும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

மலைமேல் புதிய காற்றாலைகள் வரப்போகின்றன, இறக்கைகள் திரும்ப இந்த முக்கு போதாது என்று கம்பெனிக்காரர்கள் தயங்கித் தயங்கி வந்து சொன்னபோது, அவர்கள் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா சுவரை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இந்த மாதிரி வண்டிகள் ராத்திரியில்தான் போகுமாம், ரோடு காலியாக இருக்கும் என்பதால். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ராத்திரியில கொண்டு வந்தா யாருங்க பாக்கறது? திருட்டு மாடா ஓட்டிட்டு வர்றீங்க?" என்றாள்.

போக்குவரத்து போலீஸிடமும் நகராட்சியிலும் நடையாய் நடந்து, பகலில் ரோட்டை மூட அனுமதி வாங்கியவள் அவள்தான்.

இப்போது முற்றத்தில் நாற்காலிகள் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலைந்து தள்ளுவண்டிகள் தெருவோரம் நின்றன. அன்றைக்கு யாரும் ஐஸ் வாங்கவில்லை. மகள் போனில் கேட்டதைச் சொன்னதும் மாமா எழுந்தார். அம்மாவின் தம்பி. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முகம் வீங்கியிருந்தது.

"செத்த வீட்டு வாசல்ல லாரி விடுவாங்களா? கூட்டம் வேடிக்கை பாக்கும். உள்ள எங்க அக்கா கிடக்கறா. போன் பண்ணி அங்கேயே நிறுத்தச் சொல்லு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவர் சொல்வதில் தப்பில்லை என்று மகளுக்குத் தோன்றியது. வண்டியைக் காணவேண்டும் என்ற ஆசை தனக்குள் இன்னும் அடங்காமல் துடிப்பதும் தெரிந்தது. அதற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது. உள்ளே போனாள்.

கட்டிலுக்கு அடியில் தகரத் தட்டுகளில் ஐஸ் கட்டிகளை அடுக்கியிருந்தார்கள். நேற்று அம்மாவே உறைய வைத்தவை. தலைமாட்டில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். மாமாவும் பின்னாலேயே வந்து, நீங்களாவது சொல்லுங்க அத்தான் என்றார்.

அப்பா அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சுவரை எடுத்துடுங்க," என்றார். "பகல்ல வரணும்னு கேட்டவ அவ."

மகள் வெளியே வந்து மேஸ்திரியைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் துண்டை மறுபடி தலையில் கட்டினார். ஆனால் ஒரு ஆள் இடித்து முடிக்கிற சுவரா அது? நேரமும் இல்லை. தெருக்கோடியில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. மீன்காரர் ஒருவர்தான் முதலில் எழுந்து போய்ச் செங்கல்லை வாங்கினார். அவரிடமிருந்து எதிர்வீட்டுக்காரி வாங்கினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் சேர, செங்கற்கள் கைமாறிக் கைமாறிப் பின்கட்டுக்குப் போயின. நாற்காலிகளும் போயின. மாமா கையைக் கட்டிக்கொண்டு தவிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் செங்கல்லைக் காலில் போட்டுக்கொண்டதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"இப்படியா வாங்கறது? தள்ளுங்க," என்று வரிசைக்குள் நுழைந்துவிட்டார். அதன் பிறகு வேலை இன்னும் வேகமாக நடந்தது. சுவர் தரையோடு தரையானபோது எல்லார் உடம்பிலும் செம்மண் அப்பியிருந்தது. மேஸ்திரி இரும்புப் பலகைகளை முற்றத்தில் விரித்தார்.

மகள் மாடிக்கு ஓடினாள்.

முதலில் மஞ்சள் விளக்கு தெரிந்தது. பிறகு டிரெய்லரின் முகம். அதன் முதுகில் வெள்ளையாக, ஒரு வீட்டின் உயரத்துக்கு உருண்ட அடிப்பகுதி. அதற்குப் பின்னால் இறக்கை வந்துகொண்டே இருந்தது. வண்டியின் தலை முக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. வால் இன்னும் பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை. படத்தில் எத்தனையோ முறை பார்த்தவள்தான். வேலை செய்யும் இடத்தில் அதன் அளவெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் தன் தெருவில், மருந்துக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் அது வளைந்து மெலிந்து நீண்டு கிடப்பதைப் பார்த்ததும் கைப்பிடிச் சுவரின்மேல் எட்டிக் குனிந்தாள். பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுக்காரி அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பின்சக்கரங்களைத் திருப்புகிறவர் கழுத்தில் ரிமோட் பெட்டியை மாட்டிக்கொண்டு வண்டியோடு நடந்து வந்தார். முன்பக்கம் ஒருவர் ஓட்ட, பின்பக்கத்தை இவர் நடந்தபடியே திருப்புவார். வண்டி மெல்ல முக்கில் ஒடித்துத் திரும்பியது. இறக்கையின் நடுப்பகுதி ரோட்டை விட்டு விலகி, சுவர் இருந்த இடத்தைத் தாண்டி முற்றத்துக்குள் வந்தது. பின்சக்கரங்கள் இரும்புப் பலகையில் ஏறின. ஐஸ் பேக்டரியின் கூரைத் தகரத்துக்கும் இறக்கைக்கும் இடையில் கையை நுழைக்கும் அளவுக்குத்தான் இடம். வண்டி நின்றது.

"விடு, விடு, விடு! இன்னும் கொஞ்சம் ஒடி!"

மாமாதான். செம்மண் கைகளை ஆட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். ரிமோட்காரர் அவர் சொன்ன எதையும் செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மரியாதையாகத் தலையாட்டினார். தன் கணக்குப்படி சக்கரத்தைத் திருப்பி, ஓட்டுநருக்குக் கைகாட்டிக் கொஞ்சம் பின்வாங்கச் செய்து, மறுபடி முன்னால் விட வைத்தார். தகரத்தை உரசாமல் இறக்கை நகர்ந்தது. மாடிக்கு மிக அருகில் வந்தபோது மகள் குனிந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். வெயிலில் சூடேறியிருந்தது. கையின் கீழே அது வழுக்கிக்கொண்டு போனது, போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் விரலளவுக்கு மெலிந்து நழுவியது. வால் நுனி தெருவிளக்குக் கம்பத்துக்கு இந்தப் பக்கமாக ஒரு வட்டம் போட்டு நேரானது.

கீழே மீன்காரர்கள் கைதட்டினார்கள். அவர்களே சட்டென்று நிறுத்திக்கொண்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா நடு ரோட்டில் நின்று மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வீட்டைத் திரும்பிப் பார்த்தபடியே வண்டியை ஓட்டிப் போனார். மலைப்பாதை அவர்கள் முன்னால் திறந்து கிடந்தது. ரிமோட்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

மகள் படிகளில் தாவி இறங்கினாள். அந்த ஒடிப்பு, மாமாவின் கூத்து, தகரத்துக்கும் இறக்கைக்கும் நடுவில் இருந்த அந்த இத்தனூண்டு இடம், எல்லாம் நாக்கு நுனியில் முட்டிக்கொண்டு நின்றன. யார் முதலில் சொல்வது என்கிற அவசரத்தில் கூடத்தைக் கடந்து, அறைக் கதவைத் தள்ளி, "அம்மா" என்று வாயைத் திறந்தாள்.

மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே ஐஸ் சொட்டித் தகரத்தில் விழுவது கேட்டது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது.

அப்பா வெளியே வந்திருக்கவில்லை. அந்த நாற்காலியை விட்டு அவர் அசையவே இல்லை. அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் மிச்சமிருந்த எதையோ சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அம்மாவின் தலைமாட்டு நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் போய் நின்றார்.

"ஆரம்பத்துல இருந்து சொல்லு," என்றார்.

அவள் உட்கார்ந்தாள். முதலில் மஞ்சள் விளக்குதான் தெரிந்தது என்று தொடங்கினாள். குரல் எழும்பவில்லை.

அப்பா கையை நீட்டி மின்விசிறியை நிறுத்தினார்.

"சத்தமா சொல்லு."