தலைவருக்கு உடல்நலமில்லை

மாம்பழங்கள் மரத்தடியில் விழுந்து அழுகத் தொடங்கும் ஜனவரி மாதத்தில்தான் தலைவருக்கு உடல்நலமில்லாமல் போயிற்று. ஊர் முழுவதும் அப்படித்தான் சொன்னது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழும் வேண்டா இன மக்களின் தலைவர் ஒருவர் இறந்தால், அடுத்தவர் யார் என்று அரச குடும்பம் முடிவு செய்யும்வரை அவர் இறக்கவில்லை; அவருக்கு உடல்நலமில்லை, அவ்வளவே. அவருக்காக நாள்தோறும் சோளக்களி கிண்டப்பட்டது. அரச வீட்டுச் சமையலறையில் வேலை செய்யும் முசாண்டிவாவின் தங்கைதான் தட்டை உள்ளே கொண்டுபோய் வைப்பாள். தொடாத தட்டைத் திரும்ப எடுத்துவருவாள்.

"இன்னிக்கும் பசியில்லையாம்" என்பாள், அக்காளின் முகத்தைப் பாராமல்.

தொடாத தட்டு ஒவ்வொன்றையும் முசாண்டிவா ஒரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்த சங்கத்துக்கு அவள் தலைவி. கறுப்பின மக்கள் சொந்தத் தொழில் தொடங்குவதற்கென அரசு ஒதுக்கிய நிதியில், மாம்பழம் உலர்த்தும் கூடம் ஒன்று கட்டித் தரும்படி மூன்றாண்டுகளாக அலைந்துகொண்டிருந்தாள். திட்ட அறிக்கை நான்கு முறை திருத்தி எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் பின்னால் 'தொழில்முனைவோர்' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து ஒருத்தியின் கணவன் அவளிடம் தேநீர் கேட்கும்போதெல்லாம், "தொழில்முனைவோர் அம்மா, கொஞ்சம் மனசு வைக்கணும்" என்று கேலி செய்துகொண்டிருந்தான்.

நிதி ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் டிசம்பரில் வந்த பொறியாளர், ஓடைக்கு அருகில் வெள்ள அபாயம் இருப்பதாகச் சொல்லி, கூடம் அமையும் இடத்தை மேட்டுக்கு மாற்றினார். மேட்டு நிலத்துக்குப் புதிய அனுமதிக் கடிதம் வேண்டும். நிலம் தலைவரின் பொறுப்பில் இருப்பது. கையெழுத்தும் அவருடையதாகவே இருக்கவேண்டும். மார்ச் முடிவதற்குள் அது வராவிட்டால் ஒதுக்கிய நிதி திரும்பிப் போய்விடும்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து லெசேகோ என்ற அதிகாரி பிப்ரவரியில் இருமுறை வந்தார். மேற்கே வெகுதொலைவில் பிறந்த ட்ஸ்வானா இனத்தவர், வேண்டா வழக்கங்களை அறியாதவர், நாற்பதைக் கடந்தவர், காரின் கதவு மூடாததால் அதைக் கயிற்றால் கட்டி ஓட்டிவருபவர். இந்தக் கோப்பு கைநழுவிவிடக் கூடாது என்பதில் அவளைவிட அவருக்கே பதற்றம் அதிகம். தலைவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று கேட்டார். வீட்டில்தான் என்றாள் முசாண்டிவா.

"கையெழுத்துப் போட முடியலைன்னாலும் பரவாயில்லைம்மா. கட்டைவிரல் வெச்சாப் போதும். மை டப்பாவை நானே கொண்டுவர்றேன்."

"அந்த விரல்ல மை ஒட்டாதுங்க, ஐயா."

அவர் அதைக் காய்ச்சலில் வியர்க்கும் விரல் என்று எடுத்துக்கொண்டார். முசாண்டிவா சற்றுத் தயங்கி, வேறு ஏதாவது ஊரில் தலைவர் இறந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"அதுக்கு வழி இருக்கே" என்று அவர் படிவத்தின் ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினார். "இறந்துட்டார்னு எழுதி, ஊர்ச் சபையில மூணு பேர் கையெழுத்துப் போட்டாப் போதும். ஒரே நாள் வேலை. நல்லவேளை, உங்களுக்கு அது தேவைப்படலை."

மறுநாள் காலையில் அவள் அரச முற்றத்துக்குப் போனாள். தலைவரின் இரு மனைவியர் வீட்டு ஆட்களும், தத்தம் மகனே அடுத்த தலைவர் என்று, முற்றத்தின் இரண்டு மூலைகளில் ஒருவரோடொருவர் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். தலைவரின் தமக்கையே வாரிசை அறிவிக்கவேண்டியவள். அவள் முன் முசாண்டிவா, அவ்வூர்ப் பெண்களின் வழக்கப்படி, தரையில் ஒருக்களித்துப் படுத்து, கைகளைக் குவித்து வணங்கினாள். கூடத்தைப் பற்றியும் ஐந்தாம் பக்கத்தைப் பற்றியும் சொன்னாள். அந்தக் காகிதம் ஊருக்குள் வராது, அலுவலகப் பெட்டியில் பூட்டித்தான் இருக்கும் என்றாள்.

கிழவி அந்த இரு மூலைகளையும் பார்த்தாள்.

"காகிதம் பூட்டின பெட்டியில இருக்கும். அதைப் படிச்சவன் வாய் எங்க இருக்கும்?" என்றாள். "மாங்கா அடுத்த வருசமும் காய்க்கும், மகளே. இந்த முத்தத்துல ரத்தம் விழுந்தா யார் கழுவுவா? தம்பிக்கு உடம்பு சரியில்லை. எழுந்ததும் கையெழுத்துப் போடுவான்."

அவள் சொன்னதில் தவறு காண முசாண்டிவாவால் முடியவில்லை. அதுவே பெருந்துன்பமாக இருந்தது.

மார்ச் மாதத்தின் கடைசி நாளில் லெசேகோ மீண்டும் வந்தார். அலுவலகம் மூட நான்கு மணி நேரம் இருந்தது. முசாண்டிவா அவரை மேட்டு நிலத்துக்கு அழைத்துச் சென்றாள். பொறியாளர் அடித்த முளைகள் புல்லில் மறைந்திருந்தன. அருகே ஒரு கறையான் புற்று. அதைப் பார்த்தபடியே அவள் ஒரு கதை சொன்னாள்.

"இதுமாதிரி ஒரு புத்துல ராணிக்கு உடம்பு சரியில்லாம போச்சாம். அவளுக்குன்னு கொண்டுபோன தீனி கதவு வரைக்கும் குவிஞ்சு கிடந்ததாம். ஒரு வண்டு வந்து, மழை வரப்போகுது, ராணியக் கேட்டு வேற இடத்துக்குப் போங்கன்னுச்சாம். ராணி எழுந்ததும் கேக்கறோம்னு சொல்லிச்சுங்களாம் கறையானெல்லாம்."

"அப்புறம்?"

"மழை வந்துச்சு, ஐயா."

லெசேகோ புற்றைப் பார்த்தார், பிறகு கீழே அரச முற்றத்துச் சமையலறையிலிருந்து எழும் புகையைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, ஐந்தாம் பக்கத்தைப் பிரித்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"கதையை என்னால எழுத முடியாதும்மா. கையெழுத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல யாராவது ஒருத்தர் வாயால சொல்லணும். ஒரே ஒரு வார்த்தை."

முசாண்டிவா வாயைத் திறந்தாள். கிழவியின் முற்றமும், ஒன்றையொன்று பாராத அந்த இரு மூலைகளும் கண்ணில் நின்றன. தொண்டையிலிருந்து வந்தது பழைய வாக்கியம்தான்.

"தலைவருக்கு உடம்பு சரியில்லைங்க, ஐயா."

அவர் தலையசைத்தார். பேனாவை மூடிவிட்டு, கயிற்றுக் கதவை இழுத்துக் கட்டிக்கொண்டு போனார். நிதி அந்த வாரமே திரும்பிப் போயிற்று.

ஜூன் மாதத்தில் முரசு ஒலித்தது. தலைவர் முந்தின நாள் இறந்தார் என்றும், இளைய மகன் அடுத்த தலைவர் என்றும் அறிவிக்கப்பட்டது. லெசேகோ துக்கம் விசாரிக்க வந்தார். கூடவே அடுத்த ஆண்டுக்கான புதிய படிவத்தையும் கொண்டுவந்திருந்தார். முசாண்டிவா முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். நிலத்துக்கு அனுமதி தரும் தலைவரின் பெயர் என்ற இடத்தில் நிறுத்தினார்.

"இளையவர் பேரை எழுதட்டுமா?"

"மூத்த மகன் வீட்டுக்காரங்க நேத்து கோர்ட்டுக்குப் போயிட்டாங்க" என்றாள் அவள். "தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் கையெழுத்துப் போடக்கூடாதாம்."

"எத்தனை வருசமாகும்?"

அவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, பேனாவை மூடினார். வெளியே மாமரங்கள் பூவெடுக்கத் தொடங்கியிருந்தன. அந்த ஆண்டு பூ மிக அதிகம்.