ஊதா சோபாவும் சிவப்பு வட்டமும்

முதல் பரிசு! நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதல் பரிசு! லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. பேசி முடித்த போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஹாலை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார், டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டார், வலித்ததுகூட மனிதருக்குத் தெரியவில்லை.

“ஏம்மா! எங்க இருக்க? ஓடி வா! நம்ம ஹாலுக்கு முதல் பரிசாம்! சனிக்கிழமை பத்து மணிக்குப் பத்திரிகைக்காரங்க நேர்ல வர்றாங்களாம். போட்டோ எடுத்துப் போடப் போறாங்களாம்!”

சமையலறையில் நின்றிருந்த அவர் மனைவி அடுப்பை அணைத்தாள், ஆனால் ஹாலுக்கு வரவில்லை. பரிசு கிடைத்ததில் வருத்தமா என்றால், அதெல்லாம் இல்லை. கிடைக்கவேண்டுமே என்று ஒரு மாதமாகத் தவம் கிடந்தவளே அவள்தான். ஆனால் அந்தப் போட்டியின் பெயர் என்னவென்று கணவருக்குத் தெரியாது. போனில் பேசியவர்கள் “உங்க ஹால் ஜெயிச்சிருச்சு” என்றார்களாம், இவர் “ஆகா!” என்றாராம், அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லையாம். போட்டியின் பெயர் ‘பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும் ஹால்’. யாருக்கும் பிடிக்காத அலங்காரம் யார் வீட்டில் அதிகம் என்று ஒரு வீட்டு அலங்காரப் பத்திரிகை வலைவீசித் தேடிய போட்டி அது. ஜெயித்தவர்களுடைய ஹாலைப் பத்திரிகைச் செலவிலேயே பெயர்த்துப் போட்டு, கேட்டபடி புதிதாக்கித் தருவார்கள்.

அவள் வேலை பார்ப்பது அந்தப் பத்திரிகை அச்சாகும் அச்சகத்தில். மெஷினிலிருந்து வந்து விழும் தாளை எடுத்து மேசையில் விரித்து, லென்ஸை வைத்து, நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். லென்ஸ் எந்நேரமும் கழுத்தில் கயிற்றோடு தொங்கும், அதனால் அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்கா. தப்பு கண்ட இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள். வட்டத்தைப் பார்த்தால் மெஷின்காரர் மறுபேச்சுப் பேசாமல் மெஷினை நிறுத்தி மையைச் சரிசெய்வார். இருபது வருடத்தில் அந்த வட்டம் ஒரு தடவைகூட வீணாய்ப் போனதில்லை. கழித்துப்போட்ட தாள்களில் நாலைந்தை வீட்டுக்கு எடுத்துவந்து சமையலறை இழுப்பறைகளில் விரிப்பாள். நல்ல கெட்டித் தாள், வீணாக்க மனசு வருமா? அவ்வப்போது ஒன்று காணாமல் போகும். மகள்தான் நோட்டுக்கு அட்டை போட எடுத்திருப்பாள் என்று விட்டுவிடுவாள்.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு வாய்த்த வீட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். சுவர் நாலும் சாம்பல். மழை வரப்போகிற மாதிரியே இருக்கும், வராது. நடுவில் கத்திரிக்காய் ஊதாவில் ஒரு சோபா. சோபாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க நீல நீலமாய் இலைகள் போட்ட ஒட்டுத்தாள். எந்த மரத்தில் ஐயா நீல இலை முளைக்கிறது? அண்ணாந்து பார்த்தால் ஒரு பொய்க்கூரை, அதன் ஓரமெல்லாம் நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறும் விளக்கு. மூலையில் கை கழுவக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. குழாயைத் திறந்தால் கிண்ணத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தண்ணீர் நிற்கும். சமையலறை அலமாரிகளுக்குக் கதவே கிடையாது, தட்டுமுட்டுச் சாமான் அத்தனையிலும் எண்ணெய்ப் பிசுக்கு. பாத்ரூம் கதவு இருக்கிறதே, அதுதான் கொடுமையிலும் கொடுமை. தண்டவாளத்தில் ஓடும் பலகைக் கதவு. தாழ்ப்பாள் கிடையாது, ஓரத்தில் இரண்டு விரல் சந்து வேறு. உள்ளே போனவர் திரும்பி வரும்வரை பாடிக்கொண்டே இருக்கவேண்டும்.

இத்தனையும் லிஃப்ட் மெக்கானிக் வருடத்துக்கு ஒன்றாக, லீவு போட்டு, சொந்தக் கையால் செய்தது. மனைவியையும் மகளையும் இரண்டு நாள் மச்சினி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். திரும்பி வந்ததும் வாசலிலேயே மனைவியின் கண்ணைப் பொத்தி உள்ளே கூட்டிப்போவார். முதல் வருடம் சாம்பல் சுவர். பொத்திய கையை எடுத்தபோது அவர் தலைமுடியில், புருவத்தில், காதுமடலில் எல்லாம் பெயின்ட். “எப்படி இருக்கு?” என்று கேட்ட முகத்தைப் பார்த்து அவள் என்னதான் சொல்வாள்? “ரொம்ப நல்லா இருக்குங்க” என்றாள். வினையே அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த வருடம் ஊதா சோபா வந்து இறங்கியது. பாவம், இந்த மனிதருக்கு வாய்த்த ரசனை இப்படி, நாம் சொல்லி ஏன் மனசை உடைக்கவேண்டும் என்று ஏழு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டாள்.

போட்டி அறிவிப்பை லென்ஸுக்கு அடியில்தான் முதலில் பார்த்தாள். நெஞ்சு குதித்தது. கல்லூரியில் படிக்கும் மகளிடம் சொன்னாள். மகள் எல்லா விளக்கையும் போட்டு, சிவப்பு மாறி ஊதா வரும் நேரம் பார்த்துப் படம் எடுத்தாள்.

“அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னம்மா ஆகும்?”

“நமக்கெல்லாம் எங்கடி பரிசு விழப்போகுது? விழுந்தா அப்ப பாத்துக்கலாம்.”

விழுந்துவிட்டது. இப்போது என்னத்தைப் பார்த்துக்கொள்வது?

மூன்று நாள் இருந்தது. புதன்கிழமை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் ஏணிமேல் நின்று விளக்கைத் துடைத்துக்கொண்டு பாட்டுப் பாடினார். பாத்ரூமில் பாடிப் பாடிப் பழகிய குரல், நன்றாகவே ஏறி வந்தது. வியாழக்கிழமை இரண்டாவது தடவை வாயைத் திறந்தாள். “எங்க கம்பெனில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மேனேஜரே கை குடுத்தாரு!” என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை புதுச் சட்டையோடு வந்து நின்றார், அதுவும் சோபாவுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ஊதாவிலேயே வாங்கியிருந்தார். அவள் போய் பாத்ரூமுக்குள் உட்கார்ந்து அழுதாள். வெளியே கேட்டுவிடக்கூடாது என்று நடுநடுவே பாடவும் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பத்து அடிக்க ஐந்து நிமிடம். பத்திரிகை ஆசிரியை வந்தார், கூடவே கழுத்தில் கேமராவோடு போட்டோக்காரர். வாசலிலேயே ஆசிரியையின் கால் நின்றுவிட்டது.

“அம்மாடியோ! போட்டோல பாத்ததைவிட...”

“நேர்ல இன்னும் தூக்கலா இருக்கு, இல்லையா மேடம்?” என்றார் லிஃப்ட் மெக்கானிக். “வாங்க, வாங்க, ஒவ்வொண்ணாக் காட்டறேன்.”

லென்ஸ் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆசிரியையின் கையில் சட்டம் போட்ட சான்றிதழ் இருந்தது. அதில் போட்டியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மகள் பாய்ந்துபோய், “குடுங்க மேடம், கனமா இருக்கும்” என்று வாங்கி, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மார்போடு அணைத்துக்கொண்டாள். கெட்டிக்காரி!

“இந்தச் சாம்பலைப் பாருங்க. இதே நிறம் பிடிக்க ஆறு கடை ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலயும் ‘சார், சந்தன நிறம் அடிங்க’ங்கறான். நானா விடுவேன்? தாளைக் கையில வச்சு ஒத்துப்பாத்துத்தான் கலக்கினேன். சோபாவும் அப்படித்தான். இந்த ஊதாவுல துணியே இல்லேன்னாங்க, சொல்லி வரவழைச்சேன்.”

ஆசிரியைக்கு நிஜமாகவே ஆச்சரியம். “இந்த யோசனையெல்லாம் உங்களுக்கு எங்கேர்ந்து சார் வந்துச்சு?”

“எனக்கா? எனக்கு லிஃப்ட்டை விட்டா என்ன தெரியும்? எல்லாம் இவ ஆசைப்பட்டது.”

“நானா!” என்றாள் லென்ஸ் அக்கா. குரல் கிறீச்சென்று வந்தது.

“பின்ன? இரு, இரு” என்று உள்ளே ஓடினார். பழைய ஃபைல் ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டு வந்து டீப்பாயில் விரித்தார். உள்ளே ஏழு தாள்கள். ஏழிலும் சிவப்பு வட்டம்.

“இவ வாயைத் திறந்து இது வேணும்னு ஒரு நாள் கேட்டதில்ல மேடம். செருப்புப் பிஞ்சாக்கூடத் தைச்சுக்கறேம்பா. ஒரு நாள் இழுப்பறைல கரண்டி தேடினேன், அடியில இந்தத் தாள், சுவர் மேல வட்டம். அடிப்பாவி, ஆசையை இப்படி ஒளிச்சா வச்சிருக்கேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா. அதான் கேக்கவே இல்ல, செஞ்சுட்டேன். அப்புறம் வருஷா வருஷம் இழுப்பறையத் தேடறதுதான் என் வேலை.”

லென்ஸ் அக்கா குனிந்து பார்த்தாள். பழக்கதோஷம், கண் தானாகவே படித்தது. முதல் தாளில் சந்தனச் சுவர், நீல மை ஏறிப்போய்ச் சாம்பலாகிவிட்டது. இரண்டாவதில் பழுப்பு சோபா, மஞ்சள் மை விழாததால் ஊதா. மூன்றாவதில் பச்சை இலை, அதே மஞ்சள் இல்லாமல் நீலமாய் நின்றது. கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பு இரட்டையாய் விழுந்திருந்தது. அலமாரியின் குறுக்கே ஒரு கீறல். விளக்கில் மை கசிந்து ஏழு நிறம். ஓடும் கதவின்மேல் ஒரு தூசிப் புள்ளி.

தப்பைத் தேடித் தேடி இவள் வட்டம் போட்டிருக்கிறாள். தப்பைப் பொறுக்கிப் பொறுக்கி அவர் வீடு கட்டியிருக்கிறார்!

பேசாமல் இருந்திருக்கலாம். சான்றிதழை மகள் எங்காவது ஒளித்துவிடுவாள், ஆசிரியையிடம் தனியாகக் கையைக் காலைப் பிடித்துக்கொள்ளலாம், எட்டாவது வருடமும் சாம்பல் சுவருக்குள் காலம் ஓடும். ஆனால் இழுப்பறை இழுப்பறையாகத் தன் ஆசையைத் தேடிய மனிதரிடம் இன்னொரு தடவை ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

“தப்புங்க” என்றாள்.

“எது தப்பு?”

“வட்டம் போட்ட எல்லாம் தப்புங்க. அச்சுல தப்பு இருந்தா நான் வட்டம் போடுவேன். அதான் என் வேலை. ஆசைப்பட்டுப் போட்டதில்ல.”

அவர் தாளைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார்.

“அப்ப சோபா?”

“பழுப்பு.”

“இலை?”

“பச்சைதாங்க.”

“கதவு?”

“அதுமேல ஒரு தூசி விழுந்திருந்துச்சு.”

“தூசியா? ஒரு தூசிக்கா ரெண்டு மாசம் தண்டவாளம் தேடி அலைஞ்சேன்?”

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. “ஏழு வருஷமா நல்லா இருக்குன்னு பொய் சொன்னேன். உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சுட்டேங்க. போட்டிக்கு அனுப்பினதும் நான்தான்.” மகள் கையிலிருந்த சான்றிதழை வாங்கி அவரிடமே நீட்டினாள்.

அவர் வாய்விட்டுப் படித்தார். “பார்த்தாலே... பற்றிக்கொண்டு வரும்... ஹால்.” படித்துவிட்டுத் தொப்பென்று ஊதா சோபாவில் உட்கார்ந்தார். ஊதாச் சட்டையில் ஆள் எங்கே, சோபா எங்கே என்றே தெரியவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டேனே என்று அவள் கிட்டே போனாள்.

மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இந்தச் சோபால உக்காந்தாலே எனக்குக் கத்திரிக்காய் மூட்டை மேல உக்காந்த மாதிரி இருக்கும்மா! உனக்குப் பிடிக்குதேன்னு ஏழு வருஷம் வாயை மூடிட்டிருந்தேன்!”

“என்னது!”

“பாத்ரூம்ல பாடிப் பாடித் தொண்டையே போச்சு! அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாத்தாலே சுத்தியல்தான் ஞாபகம் வரும்!”

“அலமாரிக்கு ஒரு கதவு வேணும்னு எத்தனை நாள் வாய் வரைக்கும் வந்துச்சு தெரியுமா!” என்று அவளும் ஆரம்பித்தாள். பிறகு யார் எதைச் சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மகள் விளக்கைத் திட்டினாள், அவர் நீல இலையைத் திட்டினார், இவள் சுவரைத் திட்டினாள், மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். போட்டோக்காரர் சும்மா இருப்பாரா? சடசடவென்று எடுத்துத் தள்ளினார்.

ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். “சரி, புது ஹால் எப்படி வேணும்?”

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கணவரைப் பார்த்தாள்.

“உனக்குப் பிடிச்சதைச் சொல்லும்மா.”

“உங்களுக்கு எது இஷ்டமோ...”

“மறுபடியும் ஆரம்பிக்காதீங்க!” என்று கத்தினாள் மகள். “எழுதிக்குங்க மேடம். முதல்ல பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் வச்ச கதவு!”

அடுத்த மாத இதழ் மெஷினில் ஓடிய நாள். லென்ஸ் அக்கா தாளை எடுத்து மேசையில் விரித்தாள். ஊதா சோபாவில் அவளும் அவரும். அவர் கண்ணை மூடி, வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறார். லென்ஸை வைத்து மூலைக்கு மூலை பார்த்தாள். சாம்பல் சரியான சாம்பல், ஊதா சரியான ஊதா, ஒரு தூசிகூட இல்லை. சிவப்புப் பென்சிலை எடுத்தாள். அவர் முகத்தைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டாள்.

மெஷின்காரர் பதறிப்போய் மெஷினை நிறுத்தினார். “என்ன லென்ஸ் அக்கா? என்ன தப்பு? எனக்கு ஒண்ணுமே தெரியலையே!”

“ஒரு தப்பும் இல்ல. நீங்க ஓட்டுங்க.”

“அப்புறம் எதுக்கு வட்டம்?”

“இது வீட்டுக்கு” என்றாள்.

அன்று சாயங்காலம் கரண்டி இழுப்பறையைக் காலி செய்து துடைத்தாள். அந்தத் தாளை வட்டம் மேலே தெரியும்படி மடித்து விரித்து, கரண்டிகளை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.