இரண்டு பக்கமும் கழித்த மீன்

ஆர்வில் படகிலிருந்து தூக்கிக் காட்டியபோதே அந்தச் சால்மன் மீன் செத்து வெகுநேரமாகிவிட்டதென்று டெல்ஃபினுக்குத் தெரிந்தது. கண் வெளுத்திருந்தது, இனி தின்ன ஆகாது. தாடையில் யாரோ தூண்டில்காரனின் முள் குத்தியபடியே நின்றது. பருவத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று வரையறுத்த ஆற்று மீனில் பாதி பழங்குடி வலைக்கு, பாதி வெளியூர்த் தூண்டிலுக்கு. வலைப் பங்கில் மிச்சம் ஒரே ஒரு மீன். கரையில் நின்று தன் பழங்குடிக்காகக் கணக்கெழுதுவது டெல்ஃபினின் வேலை. இதை எழுதினால் இன்றே வலையைச் சுருட்டியாக வேண்டும். சனிக்கிழமையோ அவள் கணவன் யூஜீனின் முதல் வருட நினைவு விருந்து. அதற்கு அந்த வாரத்து ஆற்று மீன்தான் வேண்டும். ஆளுக்கொரு விள்ளல் கிடைத்தால் போதும், ஆனால் ஐஸ் பெட்டி மீன் ஆகாது.

"இது நம்ம மீனே இல்ல அண்ணி," என்றான் யூஜீனின் தம்பி ஆர்வில். "எவனோ புடிச்சு, போட்டோ எடுத்துட்டு, தண்ணில விட்டிருக்கான். செத்து மிதந்து வந்து வலைல சொருகிக்கிச்சு. தூக்கி எறிங்க."

"வலைல வந்தா எழுதணும்."

"கடல்நாய் தின்னுட்டுப் போட்ட தலையைக்கூட எழுதுற மகராசியாச்சே நீங்க! அண்ணனுக்காக ஒரு தடவை கண்ணை மூடிக்கக் கூடாதா?"

அவள் மீனைத் தொட்டியில் போட்டு, மேலே தூண்டில் படகுகள் கரையேறும் துறைக்குத் தூக்கிப் போனாள். அங்கே மாநில அரசுக்காகக் கணக்கெடுப்பவன் கென்ட்.

"இது உங்க ஆளுங்க விட்ட மீன். உங்க பக்கம் எழுதிக்கோ."

கென்ட் முள்ளைப் பார்த்துப் பிடரியைச் சொறிந்தான். "அவங்க உயிரோட விட்டேன்னு சொன்னா அப்படியேதாங்க எழுதணும். விட்டதுல இவ்வளவு சாகும்னு ஆபீஸ்ல தூண்டில் பங்குலேர்ந்து குத்துமதிப்பா கழிச்சுக்குவாங்க."

"அப்போ இந்த மீனை அங்கயும் கழிப்பீங்க, எங்ககிட்டயும் கழிப்பீங்க."

"தெரியுதுங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அவன் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. தூண்டில்காரனுக்கு வாய்ச்சொல் போதும். தன் ஆட்கள் ஒரு மீனை மறைத்தது வெளியே வந்தால் ஊரையே திருட்டுக் கூட்டம் என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். இப்போது அந்த நேர்மையே அவளுக்குக் கசந்தது. போன வருடம் இதே நேரம் பார்த்துச் செத்துப்போன யூஜீன் மீதும் ஆத்திரம் வந்தது. திரும்பி வந்து எழுதினாள். ஆர்வில் வலையைச் சுருட்டினான்.

சனிக்கிழமை கூடத்தில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறினார்கள். மீன் எங்கே என்று வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆர்வில் அவள் இருந்த பக்கம் வராமல் காபி ஊற்றிக்கொண்டிருந்தான். யூஜீனோடு ஒரே படகில் வலை போட்ட கிழவர் வில்லர்டுக்குக் காது கேட்காது. வலை சுருட்டிய கதையை யாரும் அவரிடம் கத்திச் சொல்லவில்லை. டெல்ஃபின் தட்டை நீட்டியதும் அவர் இறைச்சியையும் கிழங்கையும் கரண்டியால் ஓர் ஓரமாக ஒதுக்கினார்.

"கொஞ்சமா வை தாயி. மீனுக்கு இடம் வேணும்ல."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வில்லர்ட் மட்டும் பாதித் தட்டைக் காலியாக வைத்துக்கொண்டு, கைகளை மடியில் கோத்தபடி, சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.